பார்த்தவர்கள் சொன்னதும் சொல்லாததும்

'அருமை' என்ற சொல்லின் மீது எங்களுக்கு அண்மைக் காலமாக ஓர் ஐயம் உண்டாகியிருக்கிறது. அரிதாகக் கிடைப்பது என்பதுதான் அச்சொல்லின் பொருள். எங்கள் தமிழ்த்துறை மாணவர்கள் எடுத்த பாடல் காணொலி ஒன்றைக் கல்லூரி அரங்கில் திரையிட்டு, பார்த்தவர்களின் கருத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னோம். வந்தவற்றில் பாதிக்கும் மேலான சீட்டுகள் அந்த ஒற்றைச் சொல்லோடு முடிந்திருந்தன. இத்தனை எளிதில் கிடைப்பதை அருமை என்று சொல்ல இலக்கணம் இடம் தருமா என்பது வேறு கேள்வி. அவ்வளவு சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களால் ஒரு காட்சியைக்கூடத் திருத்த முடியவில்லை என்பதே எங்களை உறுத்தியது.

அவர்கள் எடுத்துக்கொண்டது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை, ஐந்தே அடி. மணம் பேச வராமல் நாளைக் கடத்தும் தலைவனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள். அன்று எங்கள் பக்கத்தில் மனிதர் எவரும் கிடையாது. அவனே இல்லையென்று சாதித்துவிட்டால் என் கதி என்ன. இருந்தது ஒரு குருகுதான். அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். அந்தக் குருகின் கால்கள் தினைப்பயிரின் தாள் போல மெலிந்தவை, பச்சையானவை என்று ஒரு நுணுக்கம் வேறு. தன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும் வேளையிலும் கொக்கின் காலை அவள் மறக்கவில்லை.

இந்தப் பாட்டுக்கு இசையமைக்க வேண்டும் என்று மாணவர்கள் வந்து நின்றபோது எங்களுக்கு மகிழ்ச்சிதான். 1997இல் 'இருவர்' படப் பாடலொன்றில் குறுந்தொகையின் 40ஆம் பாட்டுச் சொற்கள் ஒலித்தபோது நாங்கள் மேனிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். பாடப்புத்தகத்தில் பொருள் எழுதிப் பழகிய சொற்கள் டேப் ரெக்கார்டரில் இருந்து வந்த அந்த நாள் எங்களில் சிலரைத் தமிழ் இளங்கலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே தடை ஏதும் சொல்லவில்லை. கைப்பேசியிலேயே படம் பிடித்தார்கள். தாமிரபரணிக் கரையில் நான்கு நாள். நாலேகால் நிமிடக் காணொலி தயாரானது.

துறையில் நாங்கள் நால்வர். முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தாம். ழகரம் ஓரிடத்தில் ளகரமாக ஒலிக்கிறது என்றோம். திரையின் அடியில் ஓடிய பொருளுரையில் இரண்டு இடங்களில் ஒற்று மிகவில்லை என்றோம். தமிழாசிரியர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிறைவோடு எழுந்துவிட்டோம். எவ்வளவு பெரிய பிழையைப் பார்க்காமல் விட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அரங்கில் திரையிட்ட அன்றைக்கு நாங்கள் செய்த தவறு ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். 'அருமை' நீங்கலாக எஞ்சிய சீட்டுகளில் எட்டோ ஒன்பதோ, தலைவியாக நடித்த மாணவியின் நிறத்தையும் பல்லையும் பற்றியவை. மாணவர்கள் அவற்றைத் தனியே எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள். படைப்பாளி எல்லாக் கருத்தையும் கேட்கும் திடம் பெற வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி, அவற்றையும் வாங்கி எல்லோர் முன்னிலையிலும் படித்தோம். மூன்றாவது சீட்டில் அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். நான்கு நாள் கல்லூரிக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவளுடைய தந்தையின் முன் நின்றபோது எங்கள் சொற்பொழிவு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "கறுப்புன்னா எம்பிள்ளைக்குத் தெரியாதா சார்? அத மைக்குல வேற சொல்லணுமா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம்.

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் பசுவையும் தலையாயவருக்கு உவமை சொல்லி, கடையானவருக்குச் சொல்லும் உவமைகளில் நெய்யரியையும் வைக்கிறார். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அது. பனையிலிருந்து கிடைக்கும் பன்னாடையும் அந்த வேலையைத்தான் செய்யும். அச்சொல் வசைச்சொல்லாகிவிட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வகுப்பில் இந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சைப் பார்த்தபடியே நடத்தி வந்திருக்கிறோம். அந்த அரங்கில் நெய்யரியாக நின்றவர்கள் நாங்கள்.

ஆக்கத்தைப் பற்றிய சொல்லையும் ஆளைப் பற்றிய சொல்லையும் பிரிக்கிற வேலையை ஆக்கியவரின் தலையில் கட்டக் கூடாது என்பது இப்போது எங்கள் உறுதியான கருத்து. இடையில் ஒருவர் இருந்து பிரித்துத் தர வேண்டும். மாணவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். நாங்கள் குறுக்கே புகுந்து கெடுத்தோம்.

மாணவர்களில் ஒருவனுடைய ஊரில், படம் பிடித்த அதே ஆற்றங்கரை ஊரில், கோயிலை ஒட்டிய மண்டபச் சுவரில் இரண்டாம் முறை திரையிட்டோம். ஊர்க்காரர்களுக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் போனோமே தவிர, அங்கே எதையும் கற்றுக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. சீட்டு கிடையாது. வந்திருந்த பெண்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சொளவோடு உட்கார்ந்திருந்தார்கள். கண் சுவரில் இருக்கிறது. கை தன்பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்கிறது.

படம் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு சிரிப்பொலி. துயரமான பாட்டில் எதற்குச் சிரிப்பு என்று மாணவர்களுக்கு முகம் வாடிவிட்டது. முடிந்த பிறகு ஒரு பெரியவர் விளக்கினார்: "இது உண்ணிக்கொக்குல்லா சார். மாட்டுக்குப் பொறத்தால போயி பூச்சி திங்கிற சாதி. இதக் கொண்டாந்து ஆத்துக்குள்ள நிறுத்தி மீன் பாக்குதுன்னா சிரிக்காம என்ன செய்ய? மீனுக்கு நிக்கிறது மடையான். அதுக்குத்தான் காலு பச்சையா இருக்கும்."

குளத்துக் கொக்கு என்று நூல்கள் எழுதும் பறவைதான் மடையான். மண்ணின் நிறத்தில் முதுகு. பறக்கும்போதுதான் சிறகின் வெள்ளை தெரியும். கால் மங்கிய பச்சை. மடையோரத்தில் அசையாமல் நின்று மீனுக்காகக் காத்திருப்பது அதன் இயல்பு. கபிலரின் குருகு இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல நாங்கள் பறவையியல் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் மாணவர்கள் வெள்ளைநிறம் அழகாகப் பதிகிறது என்பதற்காகவே உண்ணிக்கொக்கைப் படம்பிடித்திருந்தார்கள் என்பதும், பச்சைக் கால் என்ற சொல்லைப் பாடிக்கொண்டே அதைக் காட்டினார்கள் என்பதும் உண்மை. அவ்வரியை ஆண்டுதோறும் நடத்துகிற எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரியது. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏ பிள்ளைகளா, இவ யார்கிட்ட பேசுதா?"

காணொலியில் தலைவி தனியாகத்தான் இருந்தாள். பாறையில், நீரில், சாளரத்தின் ஓரத்தில் என்று எங்கும் தனியே நின்று கேமராவைப் பார்த்துப் பாடினாள். தோழி இல்லை. "இந்த மாதிரிச் சங்கதிய ஒருத்தி சும்மா காத்துகிட்டயா சொல்லுவா? பக்கத்துல ஒரு ஆள் இருந்தால்லா வாயத் தொறப்பா?" என்றார் பாட்டி.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகள் என்று 34ஐ எண்ணுகிறார். திணை, கைகோள், கூற்று என்று சொல்லி வரும் வரிசையில் அடுத்தது 'கேட்போர்'. யார் சொல்வது என்பதைப் போலவே யார் கேட்பது என்பதும் பாட்டின் உறுப்பு. இதை இரண்டு மதிப்பெண் வினாவாக எத்தனை ஆண்டு கேட்டிருப்போம்! மாணவர்களும் பிழையில்லாமல் விடை எழுதியிருக்கிறார்கள். ஒற்று மிகாததைக் கண்டுபிடித்த நாங்கள் ஓர் உறுப்பே இல்லாததைக் காணவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி கேட்போரைக் கேட்டார்.

இறையனார் களவியல் உரையில் வரும் கதை நண்பர்கள் அறிந்ததே. புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையே மெய்யுரை என்று நின்றபோது, தீர்ப்பளிக்க வந்தவன் உப்பூரி குடிகிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயது, வாய் பேசாதவன். உரைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரையில் இடையிடையே கண்ணீர் வடித்தான். நக்கீரனார் உரையில் சொல்தோறும் கண்ணீரும் மெய்ம்மயிர்ச் சிலிர்ப்பும் கண்டார்கள். அதைக் கொண்டே முடிவு செய்தார்கள். கதையின் நம்பகத்தைப் பற்றி இங்கே வழக்காட வேண்டியதில்லை. சொல்லத் தெரியாத ஒருவனின் உடம்பைப் பார்த்து உரையின் தரத்தை அறியலாம் என்று அதைக் கட்டியவர்கள் கருதியிருக்கிறார்களே, அதுதான் எங்களுக்கு வேண்டியது. மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வைத்திருக்கும் மரபில் பிறந்த நாம், பார்வையாளரிடம் போய் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கல்லூரிகளில் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது அடுக்கிக் காட்டுவதற்கு அப்படிவங்கள் பயன்படும் என்பதை மறுக்கவில்லை.

பார்த்தவர்கள் சொல்லும் மருந்தை அப்படியே அரைத்துக் குடிக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அரங்கில் ஒருவர் பறை இன்னும் ஓங்கி ஒலிக்கட்டும் என்று எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்ட இடம் சரிதான். அந்த இடத்தில் பாட்டு தொய்ந்தது. ஆனால் பறை கூடுதலாக இருந்ததால்தான் தொய்ந்தது. சொல் காதில் விழாமல் அடிபட்டது. வலிக்கும் இடத்தைக் காட்ட நோயாளிக்குத் தெரியும். மருத்துவம் நம் வேலை.

மாணவர்கள் திருத்தி எடுக்க முடிவு செய்தார்கள். நிறத்தைப் பற்றிப் பேசப்பட்ட அந்த மாணவி, "தோழி வந்தா நான் மறுபடி நடிக்கிறேன்" என்றாள். அவளுடைய உண்மையான தோழியே பக்கத்தில் உட்கார்ந்தாள். மடையானுக்காக இரண்டு விடியற்காலைகள் காத்திருந்தார்கள். பறையை ஓரிடத்தில் அறவே நிறுத்தி, நீரோசையை மட்டும் இருபது நொடி விட்டார்கள். பொருளுரையை எடுத்துவிடலாம் என்றார்கள், நாங்கள் கூடாது என்றோம், வாக்கெடுப்பில் தோற்றோம். படிக்கத் தெரிந்தவர்கள் அடியைப் பார்த்ததில் முகத்தைத் தவறவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

மீண்டும் அதே மண்டபம். இம்முறை மாணவர்கள் இருவர் சுவருக்குப் பக்கத்தில் பார்வையாளரை நோக்கி உட்கார்ந்து, கைக்கடிகாரமும் குறிப்பேடுமாக, எந்த நொடியில் யார் திரும்புகிறார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நிமிடத்தில், தோழி தலையைத் திருப்பித் தலைவியைப் பார்க்கும் இடத்தில், நீரோசை மட்டும் கேட்கும் அந்த இருபது நொடியில், குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'பீடி சுற்றும் கைகள் நின்றன.'

விடுதி மாணவர்களுக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது. புதியது மெதுவாகப் போகிறதாம். இருக்கட்டும்.

பாட்டிக்கு இன்னொரு குறை. "கூட்டாளியக் கொண்டாந்திட்டிய. அந்தப் பய எங்க? அவனக் காட்டலியே?"

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவியாக நடித்தவள்தான் பதில் சொன்னாள். "அவன் வர மாட்டான் பாட்டி. காட்டவும் மாட்டோம்."

பாட்டி சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு சொளவைத் தட்டி மடியில் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.