உழைச்செல்வான் எங்கே?

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார் வள்ளுவப் பெருந்தகை. நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் சேர்த்தே எண்ணினார். வகுப்பறையில் நாம் எளிதாகக் கடந்துசெல்லும் இந்நான்காம் கூறே நம் வட்டாரத்தில் இன்று அரிதாகி வருகின்றது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் குடும்பங்கள் ஷிப்டு நேரத்தைக் கொண்டே இயங்குகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. உழைப்போர் உறங்க இடம் கண்டோம், பாராட்டுக்குரியதே. ஆனால், உழைப்போர் வீட்டில் புற்றுநோய் முற்றிப் படுத்திருக்கும் தந்தையின் அருகில் இருப்பவர் யார்?

குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க இயலும். அதுவே நோய் ஆதரவுச் சிகிச்சையின் அடிப்படை. கடும் வலிக்கு மருத்துவர் தரும் சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தல் வேண்டும். மகன் எட்டு மணி நேரம் இயந்திரத்தின்முன் நிற்க, இடையில் வரும் வேளையை யார் கொடுப்பது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விறுக்கத்தைத் தளர்த்திற்று. நம் மனமோ இன்னும் தளரவில்லை. 'இது ஹராமான போதையன்றோ?' என அஞ்சுவோரும், 'ஸப்ரு செய்யட்டும்' என மருந்தை மறுப்போரும் நம்மிடையே உளர். நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்டதற்கும் மார்க்கம் இடமளிப்பதை ஆலிம்கள் அறிவர். நோய்க்குச் சிகிச்சை செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பொறுமை நோயாளியின் பண்பு. அதனைப் பிறர்மீது சுமத்துவது நம் உரிமையன்று.

அண்டை மாநிலம் வழிகாட்டியுள்ளது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர்.இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணச் சங்கம் கண்டனர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளர் இல்லங்களுக்குச் சென்றனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் நோய் ஆதரவுச் சேவையை இல்லத்துக்கே கொண்டுவந்தது. ஆயினும் செவிலியர் வந்து சென்றபின் எஞ்சும் பொழுதுகள் நம் பொறுப்பே.

ஒருவர் இறந்தாரெனில் சந்தூக்குக்குத் தோள்கொடுக்க முந்துகின்றோம். ஜனாஸாத் தொழுகையில் வரிசை நிரம்புகின்றது. அவர் வலியால் துடித்த மாதங்களில் எத்தனைபேர் அவ்வாசற்படியை மிதித்தோம்? நலம் விசாரிக்கச் சென்றவரும் பழம் வைத்துவிட்டு எழுந்து வந்தோமேயன்றி, ஒருவேளை மருந்துக்காக அமர்ந்தோமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்களும் பெண்களுமாகச் சிலரைத் தேர்ந்து, மருத்துவரிடம் முறையாகப் பயிற்சி பெறச் செய்தல் வேண்டும். பகல் ஷிப்டினர் இரவிலும் இரவு ஷிப்டினர் பகலிலும் முறைவைத்துச் செல்லலாம். மாணவச் செல்வங்கள் மாலைப்பொழுதை ஏற்கலாம். நோயாளி எச்சமயத்தவர் என வினவ வேண்டுவதில்லை, வலிக்குச் சமயமில்லை. ஜனாஸாவுக்கு நேரம் ஒதுக்கும் நாம், அதற்கு முந்தைய நாள்களுக்கும் சிறிது ஒதுக்குவோமாக!