கிரிப்டோ வீழ்ச்சிகள்: தள்ளிவிட்டவர் யார் என்பதை விட முக்கியமான கேள்வி

2025 ஒக்டோபர் 11 சனிக்கிழமை. இலங்கை நேரப்படி அதிகாலை மூன்று மணியை அண்டிய மிகக் குறுகிய நேரத்துக்குள் கிரிப்டோ சந்தை தன் வரலாற்றின் மிகப்பெரிய கட்டாய விற்பனையைக் கண்டது. ஐந்து நாட்களுக்கு முன்னர் 126,000 டொலரைத் தாண்டி உச்சம் தொட்டிருந்த பிட்கொயின் 105,000 டொலருக்கும் கீழே இறங்கியது. சிறிய நாணயங்கள் பல அரைவாசிக்கும் மேல் பெறுமதியை இழந்தன. 24 மணித்தியாலங்களில் 19 பில்லியன் டொலருக்கும் அதிகமான கடன்வழிப் பந்தயங்கள் அழிந்தன என்றும், 16 இலட்சம் பேரளவில் பாதிக்கப்பட்டனர் என்றும் கொயின்கிளாஸ் தரவுத்தளம் கணக்கிட்டது.

உடனடிக் காரணம் தெளிவானது. சீனப் பொருட்கள் மீது மேலதிகமாக 100 வீத வரி விதிக்கப்போவதாக அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்திருந்தார். ஆனால் விடிவதற்குள் வேறொரு கதை பரவத் தொடங்கிவிட்டது. இது வெறும் வீழ்ச்சி அல்ல, திட்டமிட்ட தாக்குதல் என்பதே அந்தக் கதை.

சந்தேகத்துக்கான இரண்டு காரணங்கள்

முதலாவது, ஹைப்பர்லிக்விட் தளத்தில் இருந்த ஒரு பெருங்கணக்கு. அறிவிப்புக்குச் சற்று முன்பு வரை பிட்கொயின், ஈதர் ஆகியவற்றின் விலை இறங்கும் என்று அது பெருந்தொகையைப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது. மதிப்பீடுகளின்படி, வீழ்ச்சியில் அதற்குக் கிடைத்த இலாபம் 150 மில்லியன் டொலருக்கும் அதிகம். வரி அறிவிப்பு யாருக்கோ முன்கூட்டியே கசிந்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது.

இரண்டாவது, உலகின் மிகப்பெரிய கிரிப்டோ பரிவர்த்தனைத் தளமான பைனான்ஸில் நடந்தது. ஒரு டொலரை ஒட்டியே நிற்க வேண்டிய யூஎஸ்டிஇ என்ற நாணயம் அங்கு 65 சதம் வரை விழுந்தது. அதே நேரத்தில் வேறு முக்கிய சந்தைகளில் அது ஒரு டொலருக்கு அண்மையிலேயே இருந்தது. அந்த நாணயத்தைப் பிணையாக வைத்துக் கடன் பெற்றிருந்தவர்களின் பிணைப் பெறுமதி, பைனான்ஸின் சொந்த விலையை வைத்தே கணிக்கப்பட்டது. விலை சரிந்ததும் அவர்களின் சொத்துக்கள் தானாகவே விற்கப்பட்டன. இதேபோல் பாதிக்கப்பட்ட வேறு இரண்டு பிணைச் சொத்துக்களின் கணிப்பு முறையை ஒக்டோபர் 14 முதல் மாற்றப்போவதாக பைனான்ஸ் ஒக்டோபர் 6 ஆம் திகதியே அறிவித்திருந்தது. அந்த ஒரு வார இடைவெளியை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதே தாக்குதல் வாதத்தின் மையம்.

இரண்டுக்கும் மறுபக்கம் உண்டு. சீனா அரிய கனிமங்களின் ஏற்றுமதியை இறுக்கியது ஒக்டோபர் 9 ஆம் திகதி. மறுநாள் அமெரிக்க நேரப்படி காலையிலேயே ட்ரம்ப் பாரிய வரி உயர்வு பற்றி எச்சரித்துவிட்டார். விலை இறங்கும் என்று பந்தயம் கட்ட இரகசியத் தகவல் தேவைப்பட்டிருக்காது. பொதுச் சந்தை அடிமட்டத்தைத் தொட்ட பின்னரே யூஎஸ்டிஇ சரிந்தது, ஆகவே வீழ்ச்சிக்கு அது காரணமல்ல என்று பைனான்ஸ் நிமிடக் கணக்குடன் விளக்கியது. பாதிக்கப்பட்டோருக்குச் சுமார் 283 மில்லியன் டொலர் இழப்பீடும் வழங்கியது.

தள்ளுவதற்கு இராட்சதர் தேவையில்லை

இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், ஏன் ஒவ்வொரு வீழ்ச்சியும் சதி போலவே தோன்றுகிறது என்பது புரியும். ஒருவர் தன் ஒரு இலட்சம் ரூபாவை வைத்து, 20 மடங்கு கடன்வழியில், 20 இலட்சம் ரூபா பெறுமதியான நாணயம் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். விலை 5 வீதம் இறங்கினாலே அவருடைய முதல் முழுவதும் போய்விடும். அவரைக் கேட்காமலே தளத்தின் மென்பொருள் அவருடைய நாணயத்தை விற்றுவிடும். அந்த விற்பனை விலையை மேலும் இறக்கும். அது அடுத்தவரின் எல்லையைத் தொடும். வாங்குவோர் குறைந்த வெள்ளிக்கிழமை இரவில் இந்தச் சங்கிலியைத் தொடக்கிவைக்க ஓர் உண்மையான கெட்ட செய்தியும் போதும், ஒரு கெட்டிக்காரரின் சில மில்லியன் டொலர்களும் போதும். விளைவை மட்டும் பார்த்து எது நடந்தது என்று பிரித்தறிய முடியாது.

பங்குச்சந்தையில் இதற்குத் தடுப்பணைகள் இருக்கின்றன. கொழும்பில் எஸ் அண்ட் பி எஸ்எல் 20 சுட்டி 5 வீதம் விழுந்தால் வர்த்தகம் 30 நிமிடங்களுக்கு நிறுத்தப்படும். 2022 நெருக்கடியில் இதைப் பல தடவை பார்த்தோம். தரகர், சந்தை, பங்குகளை வைத்திருக்கும் வைப்பகம், கண்காணிக்கும் ஆணைக்குழு எல்லாம் அங்கே வேறு வேறு. பெரிய கிரிப்டோ தளங்கள் பலவற்றில் சந்தையை நடத்துபவரும், கடன் கொடுப்பவரும், பிணையை வைத்திருப்பவரும், அதற்கு விலை குறிப்பவரும் ஒரே நிறுவனம். ஆட்டம் நடத்துபவரே நடுவர். ஆட்டத்தின் பதிவேடும் அவர் கையில்தான்.

டெரா சொல்லித் தந்தது

2022 மே மாதம் டெராயூஎஸ்டி என்ற நாணயமும் அதன் துணை நாணயமான லூனாவும் சரிந்து, சுமார் 40 பில்லியன் டொலர் சில நாட்களில் காணாமல் போனது. அப்போதும் தாக்குதல் கதையே முதலில் வந்தது. பிளக்ரொக், சிற்றடெல் ஆகிய பெரும் நிதி நிறுவனங்கள் சேர்ந்து வீழ்த்தியதாக இணையம் முழுக்கப் பேச்சு. இரு நிறுவனங்களும் அதை மறுத்தன.

நீதிமன்றத்தில் பின்னர் வெளிவந்தது வேறொன்று. அந்த நாணயம் ஒரு வருடத்துக்கு முன்னர், 2021 மே மாதத்திலேயே ஒரு முறை ஒரு டொலருக்குக் கீழே சரிந்தது. அல்கோரிதம் தானாகவே அதை மீட்டெடுத்தது என்று நிறுவுநர் டோ குவோன் உலகுக்குச் சொன்னார். உண்மையில் ஜம்ப் டிரேடிங் நிறுவனம் திரைமறைவில் வாங்கிக் குவித்தே விலையை நிமிர்த்தியது. ஜம்ப்பின் துணை நிறுவனமொன்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழுவுக்கு 123 மில்லியன் டொலர் செலுத்த 2024 டிசெம்பரில் உடன்பட்டது. குவோன் 2025 ஓகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, டிசெம்பரில் 15 வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நிரூபிக்கப்பட்ட மோசடி விலையை வீழ்த்தியது அல்ல, விழாமல் தாங்கிப் பிடித்தது. அந்தப் பொய்யான உறுதியை நம்பித்தான் பலர் தம் சேமிப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். விலை ஏறும்போது யாரும் சதி என்று சொல்வதில்லை. விழுந்த பிறகு வெளியே எதிரியைத் தேடுகிறோம். அந்தத் தேடல் உள்ளே இருந்தவருக்கு நிழலாகிவிடுகிறது.

ஆகவே அடுத்த வீழ்ச்சியில் கேட்க வேண்டியது “யார் தள்ளினார்கள்?” என்பதை மட்டுமல்ல. பிணைக்கு விலை குறித்தது யார், எந்தச் சந்தையின் விலையை வைத்து? தளத்தின் சொந்தக்காரர்களும் அதே நேரத்தில் வர்த்தகம் செய்தார்களா? பதிவேடுகளைக் கட்டாயப்படுத்திப் பெறும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இலங்கையில் இருந்து இந்தச் சந்தைக்குள் போகிறவருக்குக் கடைசிக் கேள்வியின் பதில் கசப்பானது. கிரிப்டோவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று மத்திய வங்கி பல வருடங்களாக எச்சரித்து வருகிறது. கடனட்டை, டெபிட் அட்டை மூலம் வாங்கவும் அனுமதி இல்லை. ஒக்டோபரில் பைனான்ஸ் தந்த இழப்பீடு அந்த நிறுவனம் தானே எடுத்த முடிவு. அது தராமல் விட்டிருந்தால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அன்று பணத்தை இழந்த ஒருவர் முறைப்பாடு கொடுக்க இங்கே ஒரு அலுவலகம் கூட இருந்திருக்காது.