கொட்டானுக்கு என்ன விலை?

சுங்கத்துறையின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை. துறைமுக ஊரில் வாழ்கிறவனுக்கு அது புதிதுமன்று. பொருள்செயல்வகை அதிகாரத்தில் உல்கு பொருளை வேந்தனுக்குரிய பொருளாகவே வள்ளுவர் எண்ணுகிறார். பட்டினப்பாலையில் புகார்த்துறையின் பண்டங்களுக்குப் புலிப்பொறி இடுகிறவர்களும் சுங்கம் கொள்வோர்தாம். நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது பிரித்தானிய அரசு கரையேறிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ஒரு பங்கைக் கொடுத்தது. அரசு தன் பங்கைக் கேட்கும் என்பதைத் தூத்துக்குடிக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. என் சண்டை வேறு. விற்பனைக்கு அல்லாத ஒன்றை விற்பனைப் பண்டம்போல் விலை எழுதி, அதன்கீழ்க் கையெழுத்திடு என்கிறார்களே, அதனோடுதான்.

வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிறவர் நிரப்பவேண்டிய சுங்கப் படிவத்தை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். சிறு பொதிக்கு சிஎன்22, மதிப்பு கூடினால் சிஎன்23. ‘அன்பளிப்பு’ என்று ஒரு கட்டம் அதில் இருக்கிறது, குறியிடலாம். ஆனால் அடுத்த வரியிலேயே எடை, எண்ணிக்கை, பிறந்த நாடு, மதிப்பு, பண்டக் குறியீட்டு எண் எல்லாம் கேட்கப்படும். பனையோலைப் பின்னல் பொருளுக்கு 4602.19 என்பது அந்த எண். கடகம், கொட்டான், மிட்டாய்ப்பெட்டி, குழந்தையின் கிலுக்கு எல்லாம் அங்கே ஒரே சாதி. எண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மதிப்பு என்ற கட்டத்தை என்ன செய்வது?

மணப்பாட்டில் என் சித்தி ஒருவர் இருக்கிறார். ஓலை முடைவதில் அந்த ஊர்ப் பெண்களுக்கு உள்ள கைத்திறன் நம் மாவட்டம் அறிந்தது. மன்னாரில் பிறந்து, போர் துரத்தியதில் டொராண்டோவில் கரையேறிய நண்பர் ஒருவரின் மகளுக்குச் சடங்கு என்று கேள்விப்பட்டு, குருத்தோலையைக் காயவைத்து, சாயமேற்றி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து கொட்டான்களைப் பதினொரு நாள்களில் முடைந்து கொடுத்தார். முகப்பில் இருந்தவர் “சார், விலை போடாம சிஸ்டம் ஏத்துக்காது” என்றார். கூலியையும் ஓலையையும் கணக்கிட்டு 6,000 ரூபாய் என்று உள்ளபடியே எழுதினேன். கனடா தனியார் அன்பளிப்புக்குத் தரும் விலக்கு 60 கனடிய டாலர்; இது அதைத் தாண்டியது. நண்பரின் வாசலில் வரியும் கையாள்கூலியும் கேட்டு வாங்கிய பிறகே பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, “அண்ணை, இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ, உங்கட அன்பு போதும்” என்றார். சித்தியிடம் விலை எழுதியதை மட்டும் சொன்னேன். “எய்யா, பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு யாராவது விலை போடுவாங்களா?” என்று கேட்டார். தமிழ் முதுகலை படித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

‘பத்து டாலர் என்று எழுதித் தொலைத்திருக்கலாமே’ என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் மீது என் முதற் குற்றச்சாட்டே அதுதான். பொய் எழுதுகிறவனின் பெட்டி தடையின்றிப் போகிறது. உண்மை எழுதுகிறவனின் அன்பளிப்பு, பெறுகிறவருக்கு அபராதமாகப் போய்ச் சேர்கிறது. அப்படியே பொய் எழுதினாலும், பதினொரு நாள் உழைப்பைப் பத்து டாலர் என்று நம் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுவது அந்தப் பெண்ணின் விரல்களுக்கு இழைக்கும் அவமதிப்பன்றி வேறென்ன?

இந்த நிலை வந்ததற்குக் காரணம் உண்டு. அதை மறைத்து வாதிடுவது நேர்மையன்று. அன்பளிப்பு என்ற கதவைத் திறந்து பார்த்தவர்கள் வணிகர்கள். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இந்தியாவில் வரியில்லை என்றிருந்தபோது, சீன இணையக் கடைகள் விற்ற சரக்கெல்லாம் ‘அன்பளிப்பு’ என்ற சீட்டுடன் வந்து இறங்கியது. நம் அரசு என்ன செய்தது? வணிகனைப் பிடிக்கவில்லை, கதவை அடைத்தது. 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வணிக இயக்குநரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி எதையும் இறக்குமதி செய்யக்கூடாது. விலக்கு இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கியோடு வரும் பரிசுக்கும் விலக்கில்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்த அந்த நுணுக்கத்தை நம் உரையாசிரியர்களிடம்கூடக் காணமுடியாது. முழு வரி கட்டினால் அன்பளிப்பு வரலாம் என்று விளக்கமும் தந்தார்கள். வரி கட்டினால் எதுதான் வராது?

ஆகவே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்குத் தந்துவந்த வரிவிலக்கை நிறுத்தியபோது, டெல்லியில் எழுந்த ஒப்பாரியை என்னால் முழுமனத்தோடு கேட்க முடியவில்லை. அங்கும் அதே காரணம், அதே மருந்து. இதில் நாம் அவர்களுக்கு ஆறாண்டு மூத்தவர்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். 100 டாலர் வரையிலான உண்மையான அன்பளிப்புக்கு அமெரிக்கச் சட்டத்தில் இருந்த விலக்கு அப்போதும் நீங்கவில்லை. ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பொதிகளை நிறுத்திய நம் அஞ்சல்துறையும் முதலில் கடிதத்தையும் 100 டாலர் அன்பளிப்பையும் விட்டுவைத்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்பது தெளிவாகவில்லை, விமானங்களும் ஏற்க மறுத்தன என்று மாத இறுதியில் அவற்றையும் நிறுத்தியது. மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15. அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 20. சட்டம் அனுமதித்த ஒன்று, அனுப்ப வழியில்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் கிடந்தது. தடைசெய்யாமலேயே இல்லாமலாக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எல்லாக் கட்டுப்பாட்டையும் நான் எதிர்க்கவில்லை. காய்ந்த ஓலையில் பூச்சி முட்டை இருக்கக்கூடும் என்று ஆஸ்திரேலியா சோதிப்பது நியாயம். 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்களையும் குறிப்பிட்ட சில சங்கு, சிப்பி இனங்களையும் சேர்த்ததும் நியாயமே. மன்னார் வளைகுடாவில் நாம் வாரியது போதும். ஆனால் அந்தப் பட்டியல் இனம் இனமாகப் பெயர் சொல்கிறது. வழிபாட்டுச் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. முகப்பில் இருப்பவருக்கு இன்னது இன்னது என்று தெரியாததால், சிப்பி என்று காதில் விழுந்ததுமே பெட்டியைத் திருப்பித் தள்ளுகிறார். கொற்கை அகழாய்வுகளில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்த மாவட்டத்தில், சங்குக்கும் பவளத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்தாம் நம் கைவினையின் நீதிபதி.

ஏற்றுமதியாளருக்கு இதே அஞ்சல்துறை ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்று நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களைத் திறந்து, படிவத்துக்கும் உறையிடுவதற்கும் கைகொடுக்கிறது. நல்லது, வாழட்டும். விற்கிறவனுக்கு வழிகாட்ட ஆள் உண்டு, கொடுக்கிறவனுக்கு இல்லை என்பதுதான் நான் சொல்லவருவது. நம் இலக்கிய நண்பர்களும் இதைப் பேசமாட்டார்கள். கருத்தரங்குகளில் மார்செல் மோஸின் 1925ஆம் ஆண்டு நூலைக் காட்டிக் ‘கொடைப் பொருளாதாரம்’ பற்றி ஒரு மணி நேரம் முழங்குவார்கள். அஞ்சல் முகப்பில் நின்றால் பத்து டாலர் என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள்.

மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் கேட்டது பொருளையன்று. கொடுப்பது எளிது, வரிசையறிவதுதான் அரிது என்றார். எல்லாப் புலவரையும் ஒன்றுபோல் நோக்காதே என்றார். வணிகனின் கொள்கலத்தையும் ஒரு பெண் முடைந்த கொட்டானையும் ஒன்றுபோல் நோக்குவது, அந்தப் பொதுநோக்கின் இன்றைய வடிவம் என்றே கருதுகிறேன்.

செய்யமுடியாத ஒன்றையும் நான் கேட்கவில்லை. கடையின் பெயரில் வராமல், தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் கைவினைப் பொருள். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை என்று ஒரு வரம்பு. மின்தரவு முன்னதாகவே போய்ச்சேரும் இக்காலத்தில், ஒரே அனுப்புநர் ஆயிரம் பேருக்கு அன்பளிப்பு அனுப்புகிறாரா என்று கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும். டொராண்டோவையும் நியூயார்க்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எதிர்க்கரை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய பயணக் கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. அது ஓடியிருந்தால் கொட்டானைக் கையிலேயே கொண்டுபோயிருப்போம். ஒரே கடலில் முத்தெடுத்த இரு கரைகள் இவை. மன்னாரிலிருந்து ஒரு தாய் பின்னி அனுப்பும் ஓலைப்பெட்டி இந்தியச் சுங்கத்தின் கண்ணில் வெறும் சரக்கு. ராக்கிக் கயிறு மட்டும் உறவு. அந்த 2019ஆம் ஆண்டு அறிவிப்பை எழுதியவர்களுக்கு ராக்கி நினைவுக்கு வந்தது. நம் மக்களவை உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு ஓலைப்பெட்டி நினைவுக்கு வந்தது என்று கேட்க விரும்புகிறேன்.