வால்வு எங்கே இருக்கிறது?

"ஏன், வால்வை மூடலையா?"

மாலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி இது. ஹாலில் ஈரச் சாக்குகள் கிடந்தன. மெத்தை மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர் தள்ளிய துடைப்பத்தோடு நான் நின்றிருந்தேன். கேள்வியில் கோபமில்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆவடிக்கு வடக்கே, வெள்ளானூரில், மனை பிரித்து விற்ற நிலத்தில் கட்டிய வீடு எங்களுடையது. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். அன்று காலை ஏழு மணிக்குக் குளியலறையில் கீசருக்குக் கீழே இருந்த எல்போ விட்டுக்கொண்டது. டேங்கில் இருந்த அவ்வளவு தண்ணீரும் அந்த ஒரு வழியாகப் பீய்ச்சியடித்தது. ஐந்து நிமிடத்தில் குளியலறைப் படியைத் தாண்டி ஹாலுக்கு வந்துவிட்டது. நான் முதலில் செய்தது மெயின் சுவிட்சை அணைத்தது. அது எனக்குத் தெரியும், கரண்ட் போனால் போய்ப் பார்ப்பது நான்தான். அடுத்ததாக அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கம்பெனி விதி. அது தெரிந்தும் நான்கு முறை செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மாடியில ஏதோ திருகுவாங்களே, அது எங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்தோம். முக்கால் மணி நேரத்தில் டேங்க் காலியாகி, தண்ணீர் தானாக நின்றது.

பிறகு மெத்தையைக் காயப்போட மாடிக்குப் போனேன். டேங்குக்கு அடியில், முழங்கால் உயரத்தில், சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு இருந்தது. அது பொருத்தியிருந்த குழாயில்தான் ஆறு வருடமாக நான் கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தி வருகிறேன். வடாம் பிழிந்து காயவைத்ததும் அதன் நிழலில்தான்.

ஆறு வருடம் தினமும் பார்த்த பொருள் என்னவென்று எனக்கு எப்படித் தெரியாமல் போனது? என்னை நானே திட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. கிரகப்பிரவேசத்தன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் சமையலறையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதே நேரம் வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி, என் கணவரையும் மாமாவையும் மாடிக்கு அழைத்துப் போய், எந்த லைன் எங்கே போகிறது, எதைத் திருகினால் எது நிற்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். யாரும் திட்டமிட்டு என்னை விலக்கவில்லை. பால் பொங்க வேண்டிய நேரமும் வால்வைக் காட்ட வேண்டிய நேரமும் ஒன்றாக அமைந்தன, அவ்வளவுதான். எத்தனை வீடுகளில் இப்படி 'தற்செயலாக' அமைந்திருக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

மதியம் பிளம்பர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், வேலையில் கெட்டிக்காரர். "சார் இல்லையா மேடம்?" என்றார். இல்லை என்றேன். உடைந்த எல்போவை எடுத்துப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நான் சாருக்குச் சொல்லிடறேன்" என்றார். சாப்பாட்டு இடைவேளையில் அவர் போன் செய்தபோது, என் போனையே வாங்கி, என் முன்னால் நின்றுகொண்டு, "சார், வெந்நீர் லைன்ல சிபிவிசி போடணும், இவங்க சாதா பிவிசி போட்டிருக்காங்க, சூட்டுல இளகி விட்டுருக்கு" என்று விளக்கினார். வீட்டுக்கு என்ன நோய் என்பதை நான் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காசு கொடுத்தது நான். கிளம்பும்போது கேட்டேன், ஏன் தம்பி என்னிடம் சொல்லவில்லை? கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "லேடீஸ் கிட்ட சொல்லி வேலை செஞ்சா, அப்புறம் சார் வந்து, யாரைக் கேட்டுப் பண்ணேன்னு சண்டைக்கு வர்றாங்க மேடம்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்ட அனுபவத்தில் பேசுகிறார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நம் மொழியில் தரங்கெட்ட வாக்குவாதத்துக்கு 'குழாயடிச் சண்டை' என்று பெயர். சட்டமன்றத்தில் கூச்சல் போட்டாலும், தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரையொருவர் கத்தவிடாமல் கத்தினாலும், 'குழாயடிச் சண்டையாகிவிட்டது' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் அல்ல. அங்கே நடந்தது என்ன? ஒரு மணி நேரம் வரும் தண்ணீர், நாற்பது குடம். யார் முதலில், ஒருவருக்கு எத்தனை குடம், கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக்கொடுப்பதா, வரிசையில் கல்லை வைத்துவிட்டுப் போனவளுக்கு இடம் உண்டா? அரசாங்கம் ஒழுங்காகப் பங்கிடாத ஒன்றைப் பெண்கள் தெருவில் நின்று பங்கிட்டார்கள். அதில் சாதியின் கொடுமையும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஆற்று நீருக்காக மாநிலங்கள் நீதிமன்றம் ஏறினால் அது உரிமைப் போர், குழாய் நீருக்காகப் பெண்கள் குரலுயர்த்தினால் அது வசவுச் சொல். இப்படி ஒரு மொழியில்தான் நாம் வாழ்கிறோம்.

2019 கோடையை இந்தப் பக்கத்துப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழல் ஏரி வறண்டு கிடந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. அந்த ரயில் நம் ஆவடியையும் அம்பத்தூரையும் தாண்டித்தான் போயிருக்கும். வில்லிவாக்கத்தில் அமைச்சர்கள் வரவேற்றார்கள், படம் எடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டு எழுந்து பிளாஸ்டிக் குடங்களோடு ஓடிய பெண்களுக்கு அப்படி வரவேற்பு எதுவும் இல்லை.

தண்ணீர் இல்லாதபோது அதைக் கொண்டுவருவது பெண். வந்துவிட்டால் சேமிப்பதும், பாத்திரம் தேய்ப்பதும், துணி துவைப்பதும், தரை துடைப்பதும் பெண். 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்தில் கை நனையாத நிமிடங்கள் எத்தனை இருக்கும்? ஆனால் அதே தண்ணீர் குழாய்க்குள் போனதும், மோட்டாரும் வால்வும் பைப்பும் ஆனதும், 'டெக்னிக்கல்' ஆகிவிடுகிறது. ஆண் விஷயமாகிவிடுகிறது. ஈரம் நமக்கு, இரும்பு அவர்களுக்கு என்று யாரோ பாகப்பிரிவினை செய்து வைத்த மாதிரி.

அந்த இரும்பு வேலை ஒன்றும் மந்திரமில்லை. ஐடிஐ-யில் பிளம்பர் படிப்பே ஒரு வருடம்தான். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், மஹிளா சமாக்யா திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்கள் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். பல ஊர்களில் அந்தப் பம்பைத் தொடவே சாதி அவர்களை விடாது. அதைக் கழற்றிப் பழுதுபார்த்து மாட்டியவர்கள் அவர்கள். இதில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான்: அந்தப் பயிற்சியையொட்டி எழுத்தறிவு வேண்டும் என்று கேட்டார்கள், பிறகு தாங்களே 'மஹிளா டாகியா' என்று ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். 2002இல் சித்திரகூடத்தில் தொடங்கிய 'கபர் லஹரியா' அந்த வழியில் வந்த பத்திரிகை.

ஜோர்டான் கதை இன்னும் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலகிலேயே தண்ணீர் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று அது. அங்கே வீட்டில் ஆண் இல்லாத நேரத்தில் வெளி ஆணை உள்ளே விடுவதில்லை என்ற வழக்கம் பரவலாக உண்டு. அதனால் பகலில் குழாய் ஒழுகினால் கணவன் வரும்வரை ஒழுகும். கடைசியில் பெண்களுக்கே பிளம்பிங் பயிற்சி கொடுத்தார்கள். தலைநகர் அம்மானில் கவ்லா அல்-ஷேக் என்பவர் இந்தத் தொழிலில் பெயர் பெற்று, மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இதைப் படித்தபோது 'அங்கெல்லாம் அப்படித்தான்' என்று சொல்லத் தோன்றுகிறவர்கள் என் கல்லூரி விடுதியைப் பார்த்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கழிப்பறைக் குழாய் உடைந்தால் விடியும்வரை ஓடும். ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு அனுமதியில்லை, எந்த வால்வை மூட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் பத்திரமாக இருந்தோம், தண்ணீர் வீணாகப் போனது.

இதையெல்லாம் ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "கத்துக்காதே. கத்துக்கிட்டா அதுவும் உன் தலையில விழும்." அவள் சொன்னதில் பாதி சரி. கேஸ் புக் பண்ணுவது, இபி பில் கட்டுவது, வங்கிக்குப் போவது எல்லாம் ஒரு காலத்தில் ஆண் வேலையாக இருந்தவை. ஒவ்வொன்றாக நம்மிடம் வந்தன, பதிலுக்கு நம்மிடமிருந்து ஒன்றுகூட அங்கே போகவில்லை. அதிகாரம் பெற்றுவிட்டோம் என்று பாராட்டு மட்டும் கிடைத்தது. 'சூப்பர் வுமன்' என்று மகளிர் தினத்தன்று வாட்ஸப்பில் வரும் வாழ்த்தைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கிறது.

ஆனால் அவள் சொன்னதில் மீதிப் பாதியை ஏற்க முடியாது. தெரியாமல் இருந்ததால் அன்று நான் எந்த வேலையிலிருந்தும் தப்பவில்லை. திருகியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். தெரியாததால் நாள் முழுக்க தண்ணீர் தள்ளினேன், ஒரு நாள் லீவும் போனது. ஆண்களின் கையில் இருப்பது அந்த அரை நிமிட வேலை, அது தடைபட்டால் வரும் எட்டு மணி நேர வேலை நம்முடையது. ஆகவே வால்வைக் கற்றுக்கொள்வதும் துடைப்பத்தைக் கைமாற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நடந்தால் ஏமாறுவது நாம்தான்.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது அது. வீட்டில் பாதி அவளுடையது என்று நீதிமன்றமே சொன்ன பிறகும், அந்த வீட்டுச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை அவளுக்குச் சொல்ல 'சார்' வர வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வால்வாக மூடச் சொல்லி, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்று மகனைப் பார்க்கச் சொன்னேன். அவர்தான் திருகினார், நான் பெயின்டால் எழுதினேன்: சமையல், குளியல், கீழ் பாத்ரூம். நான்காவது வால்வு அசையவே இல்லை. வருடக்கணக்கில் யாரும் தொடாததால் இறுகிப்போயிருந்தது. "இது எதுக்குன்னு எனக்கும் தெரியாது" என்றார். ஆறு வருடமாக எல்லாம் தெரிந்தவர் என்று நான் நினைத்திருந்தவர். அத்தை கீழிருந்து சத்தம் போட்டார்: "அது பின்பக்கக் குழாய்டா, மேஸ்திரி அன்னைக்கே உங்கப்பா கிட்ட சொல்லிட்டிருந்தாரு, நான் பால் எடுத்துட்டு மேல வந்தேன், காதுல விழுந்துச்சு."

அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த வால்வை மாற்ற வேண்டும். எல்போ மாற்றிய பிளம்பரையே வரச்சொல்லியிருக்கிறேன், என் போனில், என் பெயரில். வேலை முடியும்போது எப்படியும் தரை நனையும். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் காட்டிவிட்டேன்.