மெய்யருவியும் பொய்யருவியும்

வானூர்தி நிலையம் எதற்கு? வானூர்தி ஏறுவதற்கு என்பீர்கள். அவ்விடை இன்று பாதியே உண்மை. பெருநகர் நிலையமொன்றுள் புகுந்து, பொதியும் உடலும் ஆய்வாருக்குக் காட்டி, கழற்றிய செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டு வெளிப்படுபவன் முதலிற் காண்பது யாது? ஏறுவாயிலன்று, இருக்கையுமன்று. நறுமண நெய்யும் சாராயப் புட்டியும் கைக்கடிகையும் ஒளிவெள்ளத்தில் மின்னும் பகட்டுக் கடையையே அவன் காண்கிறான். அதனைச் சுற்றிப் போக வழியில்லை. கடையின் ஊடேதான் வழி. அவ்வழியும் நேராக இராது. பாம்புபோல் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொருளைக் கண்முன் நிறுத்தும்.

இது தற்செயலாய் அமைந்ததன்று. ஆய்வு முடிந்து ஊர்தி ஏறும் வரையுள்ள பொழுதைப் ‘பொன்னான மணிநேரம்’ என்றே அவ்வணிகர் வழங்குகின்றனர். யாருக்குப் பொன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இலண்டன் ஈத்ரோ போன்ற நிலையங்களில், எவ்வாயிலுக்குச் செல்வது என்பதையே புறப்பாட்டிற்குச் சற்று முன்புதான் பலகையிற் காட்டுகின்றனர். அதுவரை அவன் எங்கே நிற்பான்? கடைகளின் நடுவேதான்.

இதன் தொடக்கம் மிகச் சிறியது. 1947இல் அயர்லாந்தின் சானன் நிலையத்தில் பிரெண்டன் ஓரீகன் என்பார், தீர்வை நீக்கிய கடையொன்றை உலகிலேயே முதன்முதலாகத் திறந்தார். அந்நாளைய ஊர்திகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க அங்கு இறங்கி எரிநெய் கொண்டன. காத்திருந்தோர்க்கு அக்கடை ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. பின்னர் நிகழ்ந்தது, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

கடையே கூடாதென்று நாம் கூறவில்லை. கடை வருவாய் இல்லையேல் நிலையத்தின் செலவெல்லாம் பயணச்சீட்டின் மேல் ஏறும் என்பர்; அதில் உண்மை உண்டு. நம் வினா வேறு. இத்தனை பொருள் கொட்டி, இத்துணை அறிவு செலவிட்டு எழுப்பும் கட்டடத்தின் அழகு யாருக்கு உரியது?

கத்தார் நாட்டுத் தோகா நிலையத்தில் 2022இல் ஒரு சோலையைத் திறந்தனர். தூணே இன்றி ஏறத்தாழ 280 அடி அகலம் தாவி நிற்கும் கண்ணாடிக் கூரை. அதன்கீழ் ஒன்றரை ஏக்கர் அளவில் மரமும் செடியும். சுற்றிலும் விலையுயர்ந்த கடைகள். பாலை நிலத்தில் அப்பசுமையை வளர்த்த திறத்தை மறுப்பாரில்லை. ஆயினும் அது ஆய்வு எல்லைக்கு உள்ளே உள்ளது. தோகாவிலேயே வாழ்பவனும் பயணச்சீட்டு இன்றி அம்மரநிழலில் நிற்க இயலாது.

சிங்கையின் சாங்கியில் 2019இல் திறந்த கட்டடம் வேறு வகையினது. அதன் ஆங்கிலப் பெயர் ‘மணி’ எனப் பொருள்படும். மணிமாடம் என்றே நாம் வழங்குவோம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிருக்கும் நாட்டில் அது மிகையாகாது. முன்னர் ஊர்திகள் நிறுத்தும் வெறுந்திடலாய் இருந்த இடம் அது. மோசே சாப்டி என்னும் கட்டடக் கலைஞர் அங்கு எஃகாலும் கண்ணாடியாலும் ஒரு பெருங்குவிமாடம் சமைத்தார். மாடத்தின் உச்சி மேலெழாமல் உள்நோக்கிக் குழிந்து, வட்டத் திறப்பாய் முடிகிறது. அத்திறப்பின் வழியே 130 அடி உயரத்திலிருந்து அருவி விழுகிறது. சிங்கையின் மழைக்குக் குறைவில்லை. கூரைமேல் விழும் அம்மழைநீரைத் திரட்டியே அருவிக்கும் செடிகளுக்கும் பயன்கொள்கின்றனர். அருவியைச் சுற்றி அடுக்கடுக்காய்க் காடு. காட்டைச் சுற்றித் தரைக்கு மேல் ஐந்தும் கீழ் ஐந்துமாகப் பத்து அடுக்குகளில் ஏறத்தாழ 280 கடைகளும் உணவகங்களும்.

அருவி கடைக்கு இட்ட தூண்டில்தானே என்பீர். ஆம், தூண்டில்தான். ஆயினும் ஒன்றைக் கருதுங்கள். விலைமதிப்பு மிக்க நடுவிடத்தை அக்கலைஞர் கடைக்குக் கொடுக்கவில்லை. நீருக்கும் மரத்திற்கும் கொடுத்தார். அதனினும் மேலாக, மாடம் ஆய்வு எல்லைக்கு வெளியே உள்ளது. மேலடுக்குப் பூங்காவிற்குக் கட்டணம் உண்டு. அருவியைக் காண ஒரு வெள்ளியும் வேண்டுவதில்லை. ஏற ஊர்தி இல்லாதவனும் வந்து அமரலாம்.

அதே சாங்கியில், நடைபாலம் ஒன்றே இடையாக, இரண்டாம் முனையம் நிற்கிறது. புதுப்பித்து 2023இல் அதனை முழுமையாய்த் திறந்தபோது, அங்கும் ஓர் அருவி வைத்தனர். 46 அடி உயரமுள்ள அது நீரருவியன்று. ஒளித்திரையில் ஓடும் படம். அதனையும் கட்டணமின்றிக் காணலாம், அழகும் இல்லாமலில்லை. ஆயினும் எமக்கு மனம் ஒப்பவில்லை. திரை என்பது எதனையும் காட்டும். இன்று அருவி காட்டும் திரை, நாளை ஒரு கைக்கடிகையின் விலையைக் காட்டினால் தடுப்பார் யார்? மணிமாட அருவிமீதும் இரவில் ஒளிக்காட்சி பாய்ச்சுகின்றனர். ஆனால் விளக்கை அணைத்தால் அது மீண்டும் நீராகிவிடுகிறது.

புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் சிங்கைக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் எத்துணையர்! கடன் வாங்கிச் சீட்டெடுத்து, ஒரே பொதியுடன் ஏறும் அவர்களுக்குப் பகட்டுக் கடையின் வளைவழி என்ன தரும்? அவர்கள் வாங்கமாட்டார்கள் என்பது கடைக்காரனுக்கும் தெரியும். கட்டடக் கலைஞனுக்கும் தெரியும். எனினும் அவ்வழியேதான் அவர்களும் நடந்தாக வேண்டும். புதுமை என்று பறைசாற்றும் கலைஞர்கள் முதலில் ஒரு நேர்வழியை வரையட்டும். வாங்க விரும்புவோர் வளைவழியிற் செல்லட்டும். மற்றையோர் ஏறுவாயிலுக்கு நேரே செல்லட்டும். அங்கே சாய்ந்து அமர ஓர் இருக்கையும், குடிக்க நீரும், வெளியே ஊர்தி நிற்பதைக் காண ஒரு பலகணியும் இருக்கட்டும்.