திறமை விளையாட்டாம்! சரி, கணக்கைக் காட்டுங்க

"போக்கர் சூதாட்டம் இல்லை சார், அது திறமை விளையாட்டு."

இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் இப்போ குறைவு. சொல்றவங்க எல்லாரும் நம்ம ஆட்கள்தான். பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்து, காக்கநாட்டில் ஐ.டி., துறைமுகப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனின்னு குடும்பம் நடத்துறவங்க. மூணு நாள் லீவு சேர்ந்து வந்தால் எர்ணாகுளத்தில் ரயிலேறி மட்காவ், அங்கிருந்து பணஜி. மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பலில் விடிய விடிய சீட்டு. திங்கட்கிழமை சிவந்த கண்ணோட ஆபீஸ்.

போனில் ஆடிக்கிட்டிருந்தவங்களுக்கு அந்த வழி அடைபட்டாச்சு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடை செய்துவிட்டது. கப்பலுக்கு அது பொருந்தாது. அது கோவாவின் 1976 சூதாட்டச் சட்டத்தில் பிறகு திருத்தம் செய்து திறந்துவிட்ட வாசல்.

சரி, திறமையா அதிர்ஷ்டமா? ரம்மி திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்னது. போக்கர் அதிர்ஷ்ட ஆட்டம்னு 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. இல்லை, ரம்மியும் போக்கரும் திறமைதான்னு 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான் பி.காம். படிச்ச பேங்க் ஆபீசர், வக்கீல் இல்லை. அதனால உங்க பேச்சையே ஏத்துக்கிறேன். திறமைதான். வாழ்த்துகள்.

ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சீங்களா? வெறும் அதிர்ஷ்டம்னா உங்களுக்கும் எதிரில் இருக்கிறவருக்கும் ஒரே வாய்ப்பு. திறமைன்னா, அதே வேலையா வாரத்துக்கு அஞ்சு நாள் ஆடுறவருக்கும், வருஷத்துக்கு மூணு தடவை பொழுதுபோக்குக்குப் போற உங்களுக்கும் ஒரே வாய்ப்பா? கோர்ட்டில் அந்த வாதம் ஜெயிச்சா, மேசையில் நீங்க தோத்தாச்சு. திறமைங்கிற வாதம் உங்களுக்குச் சாதகம் இல்லை, உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

அந்த மேசையில் பொழுதுபோக்குக்கு வந்து தோற்கிறவருக்கு உலகம் பூரா ஒரு பேர் இருக்கு: 'ஃபிஷ்'. மீன்! நம்ம வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே இதைச் சொல்லிட்டார், அதுவும் தோற்கிறவனைப் பார்த்து இல்லை, ஜெயிக்கிறவனைப் பார்த்து. அந்த ஜெயிப்பே மீன் முழுங்கின தூண்டில் முள் மாதிரின்னு. இடக்கொச்சிக் காயல் ஓரத்தில் தூண்டில் போடுறவங்களைத் தினம் பார்க்கிறேன். இரை இல்லாமல் ஒருத்தரும் முள்ளை மட்டும் தண்ணியில் போடுறதில்லை.

இப்போ கணக்கு. மேசையில் 9 பேர், ஆளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 90,000. ஒரு மணி நேரத்தில் 25 கை போடுறாங்க, ஒவ்வொரு கையிலும் நடுவில் சேர்கிற பணம் சராசரி 3,000 ரூபாய்னு வைங்க. அதில் கேசினோ 5% எடுத்துக்கும். அதுக்குப் பேர் 'ரேக்'. ஒரு கைக்கு 150, மணிக்கு 3,750, ஆறு மணி நேரத்தில் 22,500. புதுப்பணம் யாரும் கொண்டுவரலைன்னா, விடியும்போது மேசையில் மிச்சம் 67,500. யார் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் ஒன்பது பேரும் சேர்ந்து கால்வாசிப் பணத்தைத் தொலைச்சாச்சு. சீட்டே தொடாமல் ஜெயிச்சவர் ஒருத்தர்தான், கப்பல் முதலாளி.

நாம கட்டுற இன்னொரு 'சீட்டு' இருக்கே, சிட் ஃபண்ட், அதிலும் கமிஷன் உண்டு. 1982 சட்டத்தில் 5%, 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7%. ஆனா அங்கே தவணைக்கு ஒரு தடவைதான் எடுப்பாங்க. இங்கே ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

ஜெயிச்சாலும் நிம்மதி இல்லை. சீட்டாட்ட வருமானத்துக்கு 30% வரி, மேலே செஸ். தோத்ததைக் கழிக்க விடமாட்டாங்க. சனிக்கிழமை 20,000 ஜெயிச்சு ஞாயிற்றுக்கிழமை 30,000 தோத்தால், உங்க பை 10,000 காலி, சட்டப்படி வரி 20,000-க்கு. எந்தத் தொழிலில் இப்படி ஒரு லாப நட்டக் கணக்கு இருக்கு, சொல்லுங்க?

"சினிமாவுக்குச் செலவழிக்கிற மாதிரிதான் சார்"னு அடுத்த பதில் வரும். டிக்கெட் காசைத் திருப்பி எடுக்கிறேன்னு அடுத்த ஷோவுக்கும் உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை. "கேரளா அரசாங்கமே 1967-லிருந்து லாட்டரி விற்கலையா?"ன்னு கேட்பாங்க. விற்குது, அதுவும் எனக்குப் பிடிக்கலை. ஆனா டிக்கெட் விற்கிற அண்ணாச்சி 'உங்க திறமைக்கு விழும்'னு பொய் சொல்றதில்லை.

எனக்கு நிஜமாவே கோபம் வர்றது இங்கேதான். 2020 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கோவாக்காரங்க கேசினோவில் ஆடக்கூடாதுன்னு கோவா அரசே தடை போட்டது. சிங்கப்பூரில் 2010-ல் கேசினோ திறந்தப்பவே சொந்தக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைச்சாங்க, 2019-ல் அதை 150 ஆக்கினாங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் காட்டினால் இலவசம். புரியுதா? ஊர்க்காரன் குடும்பம் நாசமாகக்கூடாது. வந்தவன் குடும்பம்? அது எங்கேயோ தேனியிலும் திருநெல்வேலியிலும் இருக்கு, அழுதால் இங்கே கேட்காது. வந்தவன் யாரு? நாமதான்.

பர்சனல் லோன் விண்ணப்பத்தில் 'எதற்காக' என்ற இடத்தில் மருத்துவம், கல்யாணம், வீட்டு ரிப்பேர்னு எழுதுறாங்க. 'போக்கர்'னு எழுதின ஒருத்தரையும் என் சர்வீசில் பார்த்ததில்லை. திறமையை நம்பிக் கடன் கேட்க என்னங்க வெட்கம்?

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. இடது பக்கம் கொண்டுபோன பணம், ரயில், ரூம், டீலருக்குக் கொடுத்த டிப்ஸ். வலது பக்கம் திரும்பக் கொண்டுவந்தது. ஜெயிச்ச ராத்திரியை மட்டும் இல்லை, எல்லா ராத்திரியும். ஒரு வருஷம் எழுதி, கூட்டிக்கூட பார்க்காமல் அப்படியே வீட்டம்மா கையில் கொடுங்க. கொடுக்க முடிஞ்சதுன்னா நான் வாயை மூடிக்கிறேன்.

பி.கு.: தீபாவளி ராத்திரி மச்சான் மாமாவோட பத்து ரூபாய்க்கு ரம்மி ஆடுறவங்க சண்டைக்கு வரவேண்டாம். அங்கே கமிஷன் எடுக்க ஆள் இல்லை. முறுக்குதான் நஷ்டம்.