எலியோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்ட மாணவனுக்கு

முப்பது வருடத்துக்கு முன் என்னிடம் விலங்கியல் படித்த ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டாளாம். நோய் எதிர்ப்பியலில் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று அடம் பிடிக்கிறாளாம். "அஞ்சாறு வருஷம் எலியோட மல்லுக்கட்டி என்ன சார் ஆகப்போகுது? நாலு பேருக்குப் பிரயோஜனமா ஏதாவது படிக்கச் சொல்லுங்க" என்றான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவன் படிப்பான்.

தம்பி, பீட்டர் மெடாவர் என்ற பெயர் உனக்கு நினைவிருக்காது. தப்பு என்னுடையது. 1960இல் நோபல் வாங்கியவர் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போன வாத்தியார் நான்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டுக்கு அருகே ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. உடம்பெல்லாம் வெந்துபோன விமானியைக் காப்பாற்ற வழியுண்டா என்று மருத்துவர்கள் இந்த விலங்கியல்காரரிடம் கேட்டார்கள். அடுத்தவர் தோலை ஒட்டினால் சில நாளில் அழிந்துவிடும். ஏன் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பிறகு கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீப்புண்பட்ட ஒரு பெண்ணுக்கு அவள் உடன்பிறந்தவனின் தோலை ஒட்டிப் பார்த்தார். அழிந்தது. அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை இன்னும் வேகமாக அழிந்தது. உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது! அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு மறக்காமல் இருக்கிறதே, அதே வேலைதான் இதுவும். 1943இல் இதை எழுதினார்கள். அதை உறுதிசெய்ய 25 முயல்களுக்குள் மாற்றி மாற்றி 625 ஒட்டுகள் போட்டார் மெடாவர். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்.

பிறகு மாடு. இரட்டைக் கன்றுகளில் ஒரே கருவில் பிறந்தவை எவை என்று பிரித்தறியத் தோல் ஒட்டிப் பார்த்தால் போதும் என்று நம்பிப் போனார். தனித்தனிக் கருவில் பிறந்த கன்றுகளும் ஒன்றன் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டன. கணக்கு பொய்த்தது. தாய் வயிற்றிலேயே அவற்றின் இரத்தம் கலந்துவிடுகிறது என்று ரே ஓவன் என்ற அமெரிக்கர் 1945இலேயே காட்டியிருந்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, பிறக்காத எலிக்குஞ்சுகளுக்கு வேறு இன எலியின் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். வளர்ந்தபின் அவை அந்த இனத்தின் தோலை ஏற்றன. மெடாவர், பில்லிங்காம், பிரென்ட், 1953. மூவரில் தனக்கு மட்டும் நோபல் வந்தபோது பணத்தில் அந்த இருவருக்கும் பங்கு கொடுத்தார். உனக்கும் சேர வேண்டியது என்று ஓவனுக்கும் கடிதம் எழுதினார். (நம் ஊரில் ஆய்வு மாணவன் பெயரை முன்னால் போடவே யோசிக்கிற ஆட்கள் உண்டு. அது வேறு பஞ்சாயத்து.)

அந்த எலி முறையை மனிதருக்கு அப்படியே செய்ய முடியாது. மருத்துவத்துக்கு இதனால் பயன் உண்டா என்று ஒரு சொற்பொழிவில் மாணவர் கேட்டதற்கு, அறவே இல்லை என்றாராம் மெடாவர். கூட்டத்தில் இருந்த ராய் கேல்ன் என்ற இளம் மருத்துவர் அதோடு விடவில்லை. அந்தச் சுவரை உடைக்க முடியும் என்று எலி காட்டிவிட்டதே. 1978இல் மண் பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரினை மாற்றுச் சிறுநீரக நோயாளிகளுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தவர் அவர்தான்.

கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்பவர்கள் 1967ஐப் பாருங்கள். கேப் டவுனில் பர்னார்ட் இதயத்தை மாற்றினார், உலகமே கொண்டாடியது. பதினெட்டாம் நாள் நோயாளி நிமோனியாவில் போய்விட்டார். எதிர்ப்பை அடக்கக் கொடுத்த மருந்து உடம்பைக் காவலில்லாத வீடாக்கியிருந்தது. அடுத்த வருடம் ஏராளமானோர் செய்தார்கள், பெரும்பாலும் சாவு. பலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

தம்பி, உன் அக்கா வீட்டுக்காரர் எட்டு வருடமாக அவர் அம்மாவின் சிறுநீரகத்தோடுதான் நடமாடுகிறார். கல்யாண வீட்டில்கூட மணி பார்த்து மாத்திரை போடுகிறாரே, அந்த மாத்திரைக்கு வழி போட்டது எது?

உதவித்தொகை மாதக்கணக்கில் இழுக்கும், படித்து முடித்தால் வேலை நிச்சயமில்லை, முப்பது வயதாகிவிடும். இந்தப் பயங்கள் நியாயம். அதைச் சொல்லு, உட்கார்ந்து பேசுவோம். பிரயோஜனம் இல்லை என்று மட்டும் என் முன்னால் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வா. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று அவளிடம் கேட்டு வை.